ஐந்துக்கு இரண்டு

படிவத்தின் கடைசியில்
ஒரே ஒரு கேள்வி எனக்கு:
பங்கேற்பாளரின் ஈடுபாடு, ஒன்று முதல் ஐந்து வரை.
வட்டமிடவும்.

மற்ற நாற்பத்தொன்றும் அவர்களுக்கு.
உப்பு எவ்வளவு, கருவாடு வாரம் எத்தனை நாள்,
தூக்கம், பீடி, படியேறினால் மூச்சு வாங்குதா.
சோனங்குப்பத்தில் படியுள்ள வீடு எத்தனை என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆடியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஐப்பசி மழைக்கப்புறம் நூற்று அறுபது.
தை பிறந்தபோது நூற்றுப் பதினெட்டு.
"மீதிப் பேர் எங்கே?"
புதுச்சேரியிலிருந்து டாக்டர் வாட்ஸப்பில் கேட்டார்.
கடலில் சார், என்று அடித்தேன்.
அழித்துவிட்டு
தொடர்பு எல்லைக்கு வெளியே, என்று அனுப்பினேன்.
அட்டவணைக்கு அதுதான் பொருந்தும்.

ஈடுபாட்டைக் கூட்ட
எவர்சில்வர் டப்பா வந்தது, நூற்றைம்பது.
தினமும் காலை ஏழுக்கு ஒரு குறுஞ்செய்தி:
இன்று உங்கள் குறிப்பேட்டை நிரப்பினீர்களா?
ஏழுக்கு மீன் ஏலம்.
ஏலத்தில் சும்மா இருக்கும் கை
கூலி கிடைக்காத கை.

தேசிங்கு, எண் 0147.
என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.
மாதம் தவறாமல் ஐந்து.
குறிப்பேட்டில் ஒரு கட்டம் காலியில்லை,
ஒரே நீல மை, ஒரே சாய்வு,
நூற்றிருபது எண்பது, நூற்றிருபது எண்பது,
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்றும்
மச்சான் செத்துப்போன அன்றும்
நூற்றிருபது எண்பது.
கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து
மொத்தமாக எழுதுவது நான்தான் என்று
அவர் மகளே சொன்னாள், மறைக்கத் தெரியாமல்.
"அழகா இருக்குல்லக்கா?"

அஞ்சலாட்சி, எண் 0063.
மூன்று தவணை தவறியவர்.
தலையில் கூடையோடு தூரத்தில் வருவார்,
என் நீலப் பையைப் பார்த்ததும்
பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார்.
இரண்டு போட்டிருந்தேன்.
ஒன்று போடத்தான் நினைத்தேன்.

மாசியில் ஒரு மத்தியானம்
ஓ.டி. போகும் பஸ்ஸில் மாட்டிக்கொண்டோம்.
ஜன்னலோரம் அவர், தப்ப வழியில்லை.
காலிக் கூடையின் தண்ணீர்
என் செருப்புக்கு வந்துகொண்டிருந்தது.
"ஆடியில ரத்தம் எடுத்துக்கினு போனியே,
அது இன்னா சொல்லுச்சு?"
ஆய்வு முடிந்ததும்தான், என்றேன்.
"என் ரத்தம்தானே?"

கடிலம் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது.
இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்
ஐஸ் கம்பெனி ரசீதுகள், ஒரு கத்தை.
பின்பக்கம் முழுக்கப் புள்ளிகள், நடுநடுவே கோடுகள்.
தலை சுத்துனா கோடு, இல்லாட்டி புள்ளி.
ஆடியிலிருந்து நேற்றுவரை.
"செவ்வாயும் செவ்வாயும் பாரு."
பார்த்தேன். கோடு. கோடு. கோடு.
"தண்டல்காரன் வர்ற நாளு.
உன் நோட்டுல அத எங்க எழுதறதுன்னு தெரியல.
அதான் உன்னக் கண்டா திரும்பிடறது."

டாக்டரிடம் சண்டை போட்டு முடிவுகளை வாங்கினேன்.
பத்து மணிக்கு, ஏலம் கலைந்தபின்,
ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து
ஒவ்வொருவருக்கும் தனியாக, காதோடு.
டப்பா இல்லை, டீ கூட இல்லை.
நூற்று எழுபத்தொரு பேர் வந்தார்கள், நான்கு நாளில்.
தேசிங்குக்கு நூற்று அறுபத்தாறு, நூறு.
வெகுநேரம் சீட்டையே பார்த்தார்.
"அப்ப நோட்டுல இருக்கறது?"
அது உங்க பொண்ணோட பிரஷர்ணே, என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

பின்தொடர்தல் எண்பது சதவீதம், அருமை,
எந்த உத்தி வேலை செய்தது? என்று செய்தி வந்திருக்கிறது.
இன்னும் பதில் போடவில்லை.

இன்று செவ்வாய்.
தண்டல்காரரின் பைக் வாசலில் நிற்கிறது.
அஞ்சலாட்சி கையை நீட்டியிருக்கிறார்,
பட்டை காற்றடைத்து இறுகுகிறது.
நூற்று எழுபத்தெட்டு, நூற்று நான்கு.
மருத்துவமனைச் சீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு
கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.
"எனக்கு எத்தினி?" எட்டிப் பார்க்கிறார்.
சொன்னேன்.
"உனக்கு நான் போடட்டா?"
பேனாவைப் பிடுங்கி, ரசீதின் பின்னால்
இரண்டு கோடு கிழித்தார்.